முப்பத்தேழாவது ஆணி

மூன்றாவது ரிசார்ட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி இருக்கும். வண்டியை விட்டு இறங்கியதுமே குட்டி இரண்டு கைகளையும் விரித்து, "அக்கா, இதான் இடம். இதுக்கு மேல தேடவே வேண்டாம்" என்றான். அவன் அப்படித்தான். முதல் ரிசார்ட்டிலும் இதையே சொன்னான், இரண்டாவதிலும் சொன்னான்.

குட்டி என் தம்பி. முப்பத்திரண்டு வயது, ஆறடி உயரம், கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்ளாத நாளில்லை. இருந்தாலும் வீட்டில் அவன் குட்டிதான். நானும் அவனும் சேர்ந்து சின்னதாக ஒரு டிராவல்ஸ் நடத்துகிறோம். இரண்டு மேசை, ஒரு போன், சுவரில் நிறைய மலைப் படங்கள். எங்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நேரில் போய்ப் பார்க்காத இடத்துக்கு யாரையும் அனுப்ப மாட்டோம். வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். அறைகள் எனக்கு, சரிவுகள் அவனுக்கு. வெந்நீர் வர எத்தனை நிமிடம் ஆகிறது, அலமாரியில் எத்தனை ஹேங்கர் இருக்கிறது, ஜன்னல் ஒழுங்காகச் சாத்துகிறதா என்றெல்லாம் நான் குறித்துக்கொள்வேன். அவன் காலில் ஸ்கீ பலகையை மாட்டிக்கொண்டு மேலே போய்ச் சறுக்கிப் பார்ப்பான். எனக்கு ஏணியில் மூன்றாம் படி ஏறவே பயம்.

ஒரு கம்பெனி தன் ஆட்கள் அறுபது பேரைப் பனிச்சறுக்கு விடுமுறைக்கு அனுப்பக் கேட்டிருந்தது. எந்த இடம் என்று மறுநாள் காலைக்குள் சொல்லியாக வேண்டும். முதல் ரிசார்ட் உயரம் போதாது. நடுக்குளிர்காலத்திலேயே பனி உருகிச் சேறாகிவிடும் என்று அங்கே சமைப்பவரே காதோடு காதாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது நல்ல இடம்தான், ஆனால் விடிய விடியப் பாட்டு. இந்த மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் உயரம். இங்கே பனி ஆறு மாதம் அசையாதாம். மேனேஜர் அம்மாள் வாசலுக்கே வந்து அதைப் பெருமையாகச் சொன்னாள்.

"வர்றது வரும் மேடம், போகாது" என்று சிரித்தாள்.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. மலை உயரத்தில் எனக்கு எதுவுமே பிடிக்காது என்று குட்டி சொல்வான்.

என் கோட்டின் ஜிப் முந்தின நாளே பிய்ந்து போயிருந்தது. நான் நடுங்குவதைப் பார்த்து மேனேஜர் அம்மாள் உள்ளே போய் ஒரு சிவப்பு ஜாக்கெட்டைக் கொண்டுவந்தாள். விருந்தாளிகள் விட்டுவிட்டுப் போன சாமான்களை வைக்கும் அலமாரியில் இருந்ததாம். யாருடையது என்று தெரியாது, அவள் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறதாம். போட்டுக்கொண்டேன். நல்ல கனம். ஈரம் காயாத துணியை மடித்து வைத்தால் வருமே, அந்த வாடை அடித்தது. குளிருக்கு முன்னால் வாடையைப் பார்க்க முடியுமா என்று சும்மா இருந்துவிட்டேன்.

லிஃப்ட் கொட்டகை ரிசார்ட்டிலிருந்து இருநூறு அடி தள்ளி இருந்தது. கம்பி வடத்தில் இரண்டு இரண்டு பேர் உட்காரும் நாற்காலிகள் வரிசையாக மேலே போய்க்கொண்டும் கீழே வந்துகொண்டும் இருந்தன. பாதிக்கு மேல் எதுவும் தெரியவில்லை, மூடுபனி. சீசன் இன்னும் தொடங்கவில்லை. கீழ்ப்பாதி மலை வெறும் பாறை. மேலே மட்டும்தான் சறுக்க முடியும், அதனால் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இதே லிஃப்ட்தான். மேலே இப்போதைக்கு ஆள் போடவில்லை. கீழே ஒருவர் மட்டும்.

லிஃப்ட்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேசாதவர். சுவரில் இருந்த பலகையிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்துக் குட்டியிடம் கொடுத்தார். அதில் பன்னிரண்டு என்று பொறித்திருந்தது.

"தொலைச்சிடாதீங்க தம்பி. திரும்பி வந்ததும் இதே ஆணியில மாட்டணும். அதை வெச்சுத்தான் யார் மேல இருக்காங்கன்னு கணக்கு."

"எங்க வீட்டுலயும் இதே சட்டம்தான்" என்றான் குட்டி. "அங்க எங்கம்மா, இங்க நீங்க."

உண்மைதான். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மூன்று ஆணிகள் இருக்கின்றன. அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, குட்டிக்கு ஒன்று. வீட்டுக்கு வந்ததும் அவரவர் சாவியை அவரவர் ஆணியில் மாட்ட வேண்டும். மூன்றும் நிறைந்தால்தான் அம்மா தாழ்ப்பாள் போடுவாள். அப்பா போன பிறகு வந்த பழக்கம். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து, காலி ஆணி ஒன்று கண்ணில் பட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

குட்டி ஒரு நாற்காலியில் தாவி ஏறினான். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு இடது ஓரமாக ஒண்டி உட்கார்ந்திருந்தான். மேலே போகப் போக அவன் கை ஆடுவது தெரிந்தது. யாரிடமோ கதை சொல்கிற மாதிரி. தனியாகக்கூடப் பேசாமல் இருக்க முடியாது இவனால் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பிறகு மூடுபனி அவனை மூடிவிட்டது.

நான் கொட்டகைக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றேன். ஹீட்டர் அங்கேதான் இருந்தது. பலகையில் வரிசைக்குப் பத்தாக நாற்பது ஆணிகள். முப்பத்தெட்டில் வில்லைகள் தொங்கின. இரண்டு காலி.

"இன்னொருத்தரும் மேல இருக்காரா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். உங்க தம்பி மட்டும்தான்."

"அப்ப அந்தக் கடைசி வரிசையில ஒண்ணு காலியா இருக்கே?"

அவர் பலகையின் பக்கம் திரும்பவில்லை. கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அது அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, எண்ணெய் பார்க்க வேண்டும் என்று பின்னால் இருந்த மோட்டார் அறைக்குப் போய்விட்டார்.

தொலைந்து போயிருக்கும், சொல்ல வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். குளிருக்காக ஜாக்கெட் பைக்குள் கையை விட்டேன். பையில் ஒரு ஓட்டை. ஓட்டை வழியாக விரல் உள்துணிக்குள் போனது. அங்கே ஏதோ வட்டமாகத் தட்டுப்பட்டது. வெளியே இழுத்துப் பார்த்தேன்.

பித்தளை வில்லை. முப்பத்தேழு.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எவனோ ஒரு மறதிக்காரன் வில்லையை மாட்டாமல், ஜாக்கெட்டையும் விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறான். இவர் இத்தனை காலமும் ஒரு ஆணியைக் காலியாக வைத்துக்கொண்டு திண்டாடியிருக்கிறார். வில்லையை என் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்தேன். கடைசி வரிசையில் ஏழாவது ஆணியில் மாட்டினேன். பலகை பார்க்கவே ஒழுங்காக இருந்தது. அவரிடம் சொல்லலாம் என்று மோட்டார் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அங்கே மோட்டார் போட்ட சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வந்ததும் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று அறைகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

நான் செய்தது அவ்வளவுதான். இப்போது நினைத்தாலும் அந்தக் கையை வெட்டிப் போட வேண்டும் போலிருக்கிறது.

அறைகள் அருமையாக இருந்தன. வெந்நீர் ஒரே நிமிடத்தில் வந்தது. ஹேங்கர் அறைக்கு எட்டு. மெத்தையில் உட்கார்ந்து பார்த்தேன், படுத்தும் பார்த்தேன். குறை என்று எழுத எனக்கு ஏதாவது வேண்டுமே என்று தேடினேன். ஒன்றே ஒன்று கிடைத்தது. லிஃப்ட் ஓடும் சத்தம். எந்த அறையில் நின்றாலும் சுவர் வழியாக அந்த முனகல் வந்துகொண்டே இருந்தது. மேசை மேல் இருந்த கண்ணாடி டம்ளர் மெல்ல அதிர்ந்தது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். இரண்டாவது ரிசார்ட்டின் பாட்டுச் சத்தமே தேவலாம் என்று தோன்றியது.

திடீரென்று முனகல் நின்றது.

அப்பாடா என்றிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நாற்பது. குறிப்பேட்டில் எழுதினேன்: "லிஃப்ட் சத்தம் 4.40க்கு நின்றுவிடுகிறது. நல்லது." எழுதியதற்குக் கீழே ஒரு கோடும் போட்டேன்.

இன்னும் இரண்டு அறைகளைப் பார்த்துவிட்டுக் கீழே வந்தேன். ஹாலில் மேனேஜர் அம்மாள் விளக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பு வைக்கும் தட்டில் குட்டியின் ஷூக்கள் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை.

"தம்பி இன்னும் வரலையா மேடம்? லிஃப்ட் நின்னு இருபது நிமிஷம் ஆச்சே" என்றாள்.

நான் ஓடினேன்.

வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பனி விழ ஆரம்பித்திருந்தது. நாற்காலிகள் எல்லாம் வடத்தில் அப்படியே தொங்கின. காற்றுக்கு லேசாக ஆடின. காலுக்குக் கீழே சரளை நொறுங்கும் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. அந்த முனகல் மறுபடி கேட்காதா என்று மனசு அடித்துக்கொண்டது.

லிஃப்ட்காரர் கொட்டகைக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"என் தம்பி எங்கே?"

"வந்துட்டாரே மேடம்."

"வரல!"

"வந்துட்டார். ஒரு ஆணிதான் காலி. பார்த்துட்டுத்தான் நிறுத்தினேன்."

அவர் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். நானும் அவரும் பலகையைப் பார்த்தோம். ஒரு ஆணிதான் காலியாக இருந்தது. இரண்டாம் வரிசையில், இரண்டாவது.

பன்னிரண்டு.

அவர் கண் மெல்லக் கடைசி வரிசைக்குப் போனது. அங்கே முப்பத்தேழு தொங்குவதைப் பார்த்தார். பிறகு என் ஜாக்கெட்டைப் பார்த்தார். அப்போதுதான் அதை அவர் கவனித்தார் என்று நினைக்கிறேன். சாவிக்கொத்து அவர் கையிலிருந்து கீழே விழுந்தது.

"அதை யார் மாட்டினது?"

"நான்தான்" என்றேன்.

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மோட்டார் அறைக்குள் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். ஏதோ கைப்பிடியைத் திருகினார், பொத்தானை அமுக்கினார். மோட்டார் உறுமிவிட்டு அடங்கியது.

"குளிர்ந்து போச்சு. சூடாகணும். இருபது நிமிஷமாவது ஆகும்."

இருபது நிமிடம். ஏற்கெனவே இருபது போய்விட்டது. நான் வெளியே போய்க் கத்தினேன். "குட்டீ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்று என் பக்கமாக அடித்தது. குரல் மேலே போகவே இல்லை. என்னை நம்பித்தான் அம்மா அவனை அனுப்பினாள். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, "அவன் ஒரு அவசரக் குடுக்கை, கொஞ்சம் பார்த்துக்கோடி" என்பாள். அந்த அவசரக் குடுக்கை இப்போது எங்கேயோ இருட்டில், காலுக்குக் கீழே முப்பதடி வெறுமையோடு, தொங்கிக்கொண்டிருக்கிறான். குதித்துவிடுவான். எனக்கு அவனைத் தெரியும். ஐந்து நிமிடம் பஸ் வரவில்லை என்றால் நடக்கத் தொடங்குகிறவன் அவன்.

உள்ளே வந்தேன். மறுபடி வெளியே போனேன். மறுபடி உள்ளே வந்தேன். லிஃப்ட்காரர் மோட்டாரின் மேல் கையை வைத்தபடி, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"பதினோரு வருஷமாச்சு. எனக்கு அன்னிக்கு ஒரே தலைவலி. எண்ணாமலேயே நிறுத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன். ஒருத்தர் மேல மாட்டிக்கிட்டார். ராத்திரி பூரா உட்கார்ந்து பார்த்திருக்கார், முடியல. குதிச்சுட்டார். பனி கரைஞ்சப்ப ஜாக்கெட் மட்டும் கிடைச்சுது. இந்த ஜாக்கெட். ஆள் கிடைக்கல."

எனக்கு அதைக் கழற்றி எறிய வேண்டும் போலிருந்தது. ஜிப் சிக்கிக்கொண்டது, திறக்க முடியவில்லை.

"அதுக்கப்புறம் ஒருநாள்கூட எண்ணாம நிறுத்தினது இல்ல மேடம். ஒண்ணு காலின்னா எல்லாரும் வந்தாச்சு. ரெண்டு காலின்னா ஒருத்தர் மேல இருக்கார். எந்த ஆணின்னு மட்டும் பார்க்க மாட்டேன். அந்த வரிசையைக் கண்ணால பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது. ஓரக்கண்ணால எண்ணிட்டு விட்டுடுவேன்."

மோட்டார் பிடித்துக்கொண்டது.

வடம் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. மூடுபனிக்குள்ளிருந்து முதல் நாற்காலி வந்தது. காலி. உட்காரும் இடத்தில் நான்கு விரற்கடை உயரத்துக்குப் பனி. அடுத்தது வந்தது. காலி. அதற்கடுத்தது, காலி. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். இருபது வரைக்கும் எண்ணினேன். ஒவ்வொன்றும் தலைக்கு மேல் இருந்த சக்கரத்தைச் சுற்றி, கிறீச்சிட்டபடி மேலே திரும்பியது.

இருபத்தொன்று, காலி.

இருபத்திரண்டு.

குட்டி உட்கார்ந்திருந்தான்.

இடது ஓரமாக ஒண்டி உட்கார்ந்திருந்தான். தலை, தோள், மடி எல்லாம் வெள்ளை. முன்னால் இருந்த கம்பித் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அவனுக்கு வலது பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது.

அதில் பனி இல்லை.

ஒரு பொட்டுகூட இல்லை. காய்ந்து, துடைத்த மாதிரி இருந்தது. லிஃப்ட்காரரும் அதைப் பார்த்தார். நான் தம்பியைக் கட்டிப்பிடிக்கப் பாய்ந்தேன். அவன் என் காதருகே கிசுகிசுத்தான்.

"கொஞ்சம் தள்ளு அக்கா. அவர் இறங்க வழி விடு."

நான் தள்ளினேன். ஏன் தள்ளினேன் என்று எனக்குத் தெரியாது. ஈரத் துணியின் வாடை என்னைத் தாண்டிப் போனது.

கொட்டகைக்குள் ஹீட்டருக்கு முன்னால் உட்கார வைத்து, அவன் கைகளைத் தேய்த்துவிட்டேன். விரல்கள் நீலம் பாரித்திருந்தன. ஆனால் ஆள் முழுசாக இருந்தான். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது எனக்கு.

"குதிக்கப் பார்த்தியாடா?"

"பார்த்தேன். தடுப்பைத் தூக்கிட்டேன்கூட. பக்கத்துல இருந்தவர்தான் குதிக்காதே தம்பின்னு கையைப் பிடிச்சார். கீழே பார்த்தா கிட்டத்துல இருக்கிற மாதிரித்தான் தெரியும், நம்பாதேன்னார்."

"யாருடா பக்கத்துல? நீ தனியாத்தான் போனே."

"போகும்போதே ஏறிட்டாரே அக்கா. நீ பார்க்கலையா?"

லிஃப்ட்காரர் தரையில் விழுந்திருந்த சாவிக்கொத்தை எடுக்கக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"முகத்தைப் பார்த்தீங்களா தம்பி?"

"இல்ல. திரும்பிப் பார்க்கணும்னே தோணல." குட்டி தன் கைகளைப் பார்த்தான். "பாவம் சார் அவர். தன்னோட வில்லை தனக்கு முன்னாடியே கீழ போய்ச் சேர்ந்துடுச்சாம், இனிமே நான் எதைக் காட்டி இறங்குவேன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். திரும்பத் திரும்ப அதையே கேட்டார். என்னால தாங்க முடியல. என்னோடதைக் கொடுத்துட்டேன்."

மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"கொடுத்தா என்ன?" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "தம்பி வந்துட்டான், அவ்வளவுதான். கணக்கு முடிஞ்சுது."

லிஃப்ட்காரர் மறுபடி பலகையைப் பார்த்தார், இந்தத் தடவை நேராக.

"முப்பத்தேழு வந்தாச்சு. பன்னெண்டு வரல."

"பன்னெண்டு என் தம்பிதானே! இதோ உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கான்."

"எனக்குத் தெரியுது மேடம்" என்றார் மெதுவாக. "பலகைக்குத் தெரியாதே."

விடிந்ததும் கிளம்பிவிட்டோம். சிவப்பு ஜாக்கெட்டை அறையிலேயே மடித்து வைத்துவிட்டு வந்தேன். வண்டியிலிருந்தே கம்பெனிக்குப் போன் போட்டு இரண்டாவது ரிசார்ட்டைச் சொன்னேன். அறுபது பேரும் போய்விட்டுச் சந்தோஷமாகத் திரும்பினார்கள். பாட்டுச் சத்தம் மட்டும் ஜாஸ்தி என்று ஒரு குறை வந்தது. அந்தக் கடிதத்தைப் படித்து நானும் குட்டியும் சிரித்தோம்.

அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் அடுத்த தடவை அவனை வாசல் தாண்ட விடமாட்டாள். குட்டியும் சீக்கிரமே பழையபடி ஆகிவிட்டான். ஒன்றே ஒன்றுதான். சோபாவில் உட்கார்ந்தால் இடது ஓரமாக ஒண்டி உட்கார்ந்தான். "யாருக்குடா இடம் போட்டு வெச்சிருக்கே?" என்று ஒருநாள் கேலி செய்தேன். அவன் வலது பக்கத்து இடத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஒண்டினான். அதற்குப் பிறகு நான் கேலி செய்யவில்லை.

அந்தக் கடிதம் வந்து இருபத்திரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம். அன்று ஆபீஸிலிருந்து முதலில் கிளம்பியவள் நான்தான். குட்டிக்கு இன்னும் ஒரு மெயில் அனுப்ப வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து என் சாவியை என் ஆணியில் மாட்டினேன். அம்மா சமையலறையில் இருந்தாள். குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"ஏம்மா அதுக்குள்ள தாழ்ப்பாள்? குட்டி இன்னும் வரலையே."

"அவன் அப்பவே வந்துட்டானே. நீ குளிச்சிட்டு இருந்தே" என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமல். "ரொம்பக் குளிருதுன்னு சொல்லிட்டுப் போர்வையைப் போர்த்திக்கிட்டுப் படுத்துட்டான். ஜுரமா இருக்கப் போகுது, தொட்டுப் பாரு."

"நீ அவனைப் பார்த்தியா?"

"முதுகைப் பார்த்தேன். ஆணியில மாட்டுற சத்தம் கேட்டுது. மூணும் நிறைஞ்சுது, தாழ்ப்பாள் போட்டேன். என்னடி கேள்வி இது?"

குட்டியின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை. வீட்டுக்குள் சோறு கொதிக்கும் வாசனையோடு சேர்ந்து இன்னொரு வாடை வந்தது. ஈரம் காயாத துணியின் வாடை.

நான் வாசல் பக்கம் திரும்பி ஆணிகளைப் பார்த்தேன்.

முதல் ஆணியில் அம்மாவின் சாவி. இரண்டாவதில் என் சாவி.

மூன்றாவதில் ஒரு பித்தளை வில்லை. பன்னிரண்டு. அதிலிருந்து தண்ணீர் சொட்டிச் சுவரில் கோடாக இறங்கியிருந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா! தாழ்ப்பாள் ஏன் போட்டிருக்கே? நான் இன்னும் வரவே இல்லையே, அதுக்குள்ள என்ன அவசரம்? திற, பசிக்குது!"

வெளியே நின்று அப்படிக் கத்துகிறவன் என் தம்பியாக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? பலகையைப் பார்த்து மோசம் போனது ஒரு தடவை போதும். நான் தாழ்ப்பாளைத் திறந்தேன். குட்டி உள்ளே வந்தான், நிலையில் தலையை இடித்துக்கொண்டான், ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். கையில் சாவி இருந்தது. மாட்டப் போனவன், ஆணியைப் பார்த்து அப்படியே நின்றான்.

நான் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது. என் தம்பியின் கைதான்.

ஒருக்களித்திருந்த அறைக்குள் போர்வை அசைந்தது. யாரோ ஒரு பக்கமாகத் தள்ளிப் படுத்து, இன்னொருவருக்கு இடம் விடுகிற சத்தம். பிறகு ஒரு குரல் வந்தது. குட்டியின் குரல். என் பக்கத்தில் நின்ற குட்டியின் வாய் மூடித்தான் இருந்தது.

"இப்ப எல்லாரும் வந்தாச்சு அக்கா. தாழ்ப்பாளைப் போடு."